ஆண்டு மலரில் வராத பக்கங்கள்

எனக்குக் கால்பந்து விளையாடத் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று யாராவது நிறுத்தி வைத்துக் கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று விழிப்பேன். ஆனால் எந்த அணி எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் ஆட்களுக்கு முறை போட்டவன் நான். எந்த வால்வை யார் திறப்பது, யாருக்கு என்றைக்கு விடுப்பு என்று சார்ட் தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுவதுதான் என் உத்தியோகம்.

ஆண்டு மலருக்கு நீ கேட்ட நாலு பக்கப் போட்டி வரலாற்றைப் படங்களோடு நேற்றே அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான், ஆனால் எல்லா உண்மையும் அதில் இல்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நீ இப்போது போட்டிக் குழுவின் செயலாளர், நான் இருபது வருடம் தேய்த்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அதற்கும் மேலே நீ பசை என்று எல்லோரும் கூப்பிட்ட பையனின் தங்கை. இந்த மிச்சத்துக்கு உன்னைவிட உரிமையுள்ளவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். முதல் வருடம் இது போட்டியே இல்லை. எங்கள் குடியிருப்பின் நாலு கட்டடத்துப் பையன்களும் நடைபாதையில் பந்து உதைத்து, ஒரே வாரத்தில் என் வீட்டு முன் ஜன்னலை இரண்டு தடவை உடைத்தார்கள். நான் சண்டைக்குக் கிளம்பினேன். என் மனைவிதான் கையைப் பிடித்தாள். "எத்தன பேருகிட்டப் போய்ச் சண்ட போடுவீங்க? ஆபீஸ்ல ஊருக்கே கட்டம் போடுறீங்கல்ல, இதுங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க." அப்படியே செய்தேன். கட்டடத்துக்கு ஓர் அணி. பள்ளி விடுமுறையில் ஞாயிறு தோறும், பின்பக்கத்து மைதானத்தில். இரண்டு புத்தகப் பைகள்தான் கோல். சரியாக நாலு மணிக்கு விசில் ஊதினேன். நாலரைக்கு ஆடி அசைந்து வந்த பெற்றோர்கள் பாதி ஆட்டம் முடிந்துவிட்டதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அடுத்த வாரம் எல்லோரும் கால் மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டாயிற்று என்பதை மறைக்க மாட்டேன். சொன்ன நேரத்துக்குத் தொடங்கும் போட்டி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் உயிராக நினைத்தேன்.

இரண்டாம் வருடம் இரும்புக் கோல்கள் வந்தன. வாரியத்தில் கழித்துப்போட்ட பழைய குழாய்களை அனுமதி வாங்கி எடுத்துவந்து ஒரு வெல்டரிடம் கொடுத்தேன். வார நாட்களில் காலையில் அந்த மைதானத்தில் கார் ஓட்டப் பழக்குவார்கள். அதனால் கோலை நிரந்தரமாக நட முடியாது, தூக்கி நகர்த்தும்படிதான் செய்ய வேண்டும். வேலை முடிந்த அன்று வெல்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், கனமெல்லாம் முன்னாடி மேல் கம்பியில இருக்கு. பின்னாடி முளை அடிக்காம ஒரு நிமிஷம்கூட இத நிக்க வைக்காதீங்க. குப்புற வந்துரும்." முளை என்றால் கை நீளத்துக்கு, தலைப்பக்கம் வளைந்த இரும்புக் கம்பி. கோலின் பின்பக்கத்துத் தரைக்கம்பியை அது மண்ணோடு சேர்த்துக் கவ்வும். ஒரு கோலுக்கு நாலு, ஆக மொத்தம் எட்டு.

அடிப்பதும் பிடுங்குவதும் மைதானக்காரரின் வேலை. அவரை எல்லோரும் சுண்ணாம்பு என்று கூப்பிட்டோம். கயிறு பிடிக்காமல், கண் அளவிலேயே, பின்னோக்கி நடந்தபடி சுண்ணாம்புக் கோடு போடுவார். "என்னண்ணே, கோடு கொஞ்சம் வளையுதே" என்று நான் சீண்டினால், "கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க சார்" என்பார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். மனைவியை இழந்தவர். பள்ளிக்கூடம் போகிற ஒரே மகளைக் கொட்டகைப் படியில் உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுத வைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்.

சாமான் கொட்டகையின் கதவில் என் சார்ட் ஒட்டியிருக்கும். வேலை, செய்பவர், பார்த்துக் கையெழுத்திடுபவர் என்று மூன்று கட்டங்கள். முளைக்கு நேராக, அடிப்பவர் மைதானக்காரர், பார்த்துக் கையெழுத்திடுபவர் செயலாளர் என்று எழுதியிருந்தேன். வெல்டர் சொன்னது மனதில் இருந்ததால் என் பெயரை நானே போட்டுக்கொண்டேன். என் கையெழுத்து இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது நான் வைத்த விதி.

மூன்றாம் வருடத்து இறுதி நாளுக்கு வருகிறேன். உனக்கு அப்போது ஐந்து வயது. அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நாலு மணிக்குப் பதினோரு வயதுக்கு உட்பட்டோரின் இறுதிப் போட்டி. உன் அண்ணன் மூன்றாம் கட்டடத்துக் கோல்கீப்பர். பந்து அவன் கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பசை. அந்த வருடம் முதல் தடவையாக நகராட்சித் தலைவர் பரிசு கொடுக்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நாலரைக்கு அவருக்கு வேறு கூட்டம்.

அதற்கு முந்தைய ஆட்டம் பெரிய பையன்களுடையது. கூடுதல் நேரம் வரை இழுத்துவிட்டது. முடியும்போது மூன்று ஐம்பது. சின்னவர்களுக்கு மைதானம் சிறியது, இரண்டு கோல்களையும் முளை பிடுங்கி இருபது தப்படி உள்ளே கொண்டுவர வேண்டும். பிடுங்கினார்கள், தூக்கி வைத்தார்கள். அப்போது தலைவரின் கார் வாசலில் திரும்புவதைப் பார்த்தேன். சுண்ணாம்பு சம்மட்டியோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், மண்ணு கல்லா கெடக்கு. எட்டு முளையும் எறக்க அரை மணி ஆகும். அடிச்சிட்டு ஆரம்பிப்போமா, இல்ல இந்த ஒரு ஆட்டத்துக்கு அப்படியே விட்டுடவா?"

"ம்" என்றேன்.

அவர் ஒரு கணம் நின்றார். நான் மைக்கைக் கையில் எடுத்தேன். அவர் சம்மட்டியைக் கொட்டகைக்குத் திருப்பி எடுத்துப் போனார். நாலு மணிக்கு விசில் ஊதப்பட்டது, ஒரு நிமிடம் கூடத் தாமதமில்லை. தலைவர் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இரண்டாம் பாதி தொடங்கப் போகிற நேரத்தில் உன் அண்ணன் எகிறிக் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். கோல் முன்பக்கமாகச் சாய்ந்தது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. வலை அவன் மேல் மூடிக்கொண்டதால் என்ன நடந்தது என்று தெரியவே எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. உன் அப்பா பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் சீருடையோடு வந்திருந்தார். கோலை ஒற்றை ஆளாகத் தூக்கினார். தலைவரின் காரில்தான் கொண்டுபோனோம். ஐந்து பத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். நேரத்தைச் சொல்வது என் பழக்கம், மன்னித்துக்கொள்.

விசாரணையில் சுண்ணாம்பு நடந்ததை நடந்தபடி சொன்னார். "அப்படியே விட்டுடவான்னு கேட்டேங்க. சார் ம்னாரு." அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "ம்னா என்னய்யா அர்த்தம்? ஆமாவா, இல்லையா?" என்றார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். என்னைக் கேட்டபோது, நான் யார் என்ன சொன்னாலும் ம் கொட்டுகிறவன், காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதில் ஒரு பொருளும் இல்லை, முளை அடிக்காமல் விடச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா என்றேன். என் மனைவியும் வெள்ளந்தியாகச் சாட்சி சொன்னாள். "இவரு எதுக்கும் ம்தாங்க. வீடு பத்திக்கிச்சுன்னாலும் ம்தான்." எழுதிக்கொண்டார்கள்.

அது பொய். என் ம்-கள் எனக்குத் தெரியும். கேட்பதற்கு ஒரு ம் உண்டு, அது மூக்கிலேயே நின்றுவிடும். சரி என்பதற்கு ஒரு ம் உண்டு, அதில் தலை கொஞ்சம் இறங்கும். அன்று என் தலை இறங்கியது. அரை மணி என்ற சொல் என் காதில் விழுந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு கேள்வியில் பின்னதற்குத்தான் நான் பதில் சொன்னேன். அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ம் என்ற ஒரு எழுத்தை வைத்து யாரையும் உள்ளே தள்ள முடியாது. அவரைத் தள்ளியது என் சார்ட். மறுநாள் ஒன்பது மணிக்குப் போலீஸ் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் ஆறு மணிக்கே போனேன். கொட்டகைக் கதவில் முளைக்கு நேரே மூன்றாம் கட்டம் கையெழுத்தில்லாமல் காலியாக இருந்தது, அதன் தலைப்பில் செயலாளர் என்று என் எழுத்திலேயே இருந்தது. கிழித்தேன். வீட்டில் எழுதி எடுத்துப்போன புதிய சார்ட்டை ஒட்டினேன். அதில் அடிப்பவரும் மைதானக்காரர், பார்ப்பவரும் மைதானக்காரர். எழுத்து மாறியிருக்கிறதே என்று யாரும் சந்தேகப்பட வழியில்லை, இரண்டும் என் எழுத்துதான். சுண்ணாம்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "முன்னாடி சார் பேருதான் இருந்துச்சுன்னு எம்பொண்ணு படிச்சுச் சொல்லியிருக்கா" என்று அவர் சொன்னார். பத்து வயதுப் பெண்ணின் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்?

அவருக்கு இரண்டு வருடம் கிடைத்தது. தீர்ப்பு சொன்ன அன்று அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நான் இப்போது எழுந்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பவர்போல் பார்த்தார். நான் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நெஞ்சு வலித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வலித்தது.

போட்டியை நிறுத்திவிடலாம் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன். உன் அண்ணன் பெயரில் கோப்பை என்று முன்மொழிந்ததும் நான்தான். அதற்குப் பிறகு மைதானத்தை முழுதாக வாங்கிக் காங்கிரீட்டில் கோல் நட்டோம். பெண்கள் அணி தொடங்கினோம். நீயே இடது பக்கத்தில் ஆறு வருடம் விளையாடினாய். நாலு அணி அறுபத்து நாலு அணி ஆயிற்று. இருபத்திரண்டு வருடமாக ஒரு பிள்ளைக்குக் கூட எலும்பு முறியவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நானே போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன். பையன்கள் எனக்கு 'உலுக்கு மாமா' என்று பெயர் வைத்திருந்தது உனக்குத் தெரியும். ஒரு தப்புக்கு இத்தனை நல்லது செய்தாகிவிட்டது என்று கணக்கு நேராகிவிடும் என நினைத்தேன். ஆகவில்லை. வருடா வருடம் கோப்பையைக் கொடுத்துவிட்டு உன் அப்பா மேடையிலேயே என் கையைப் பிடித்துக்கொள்வார். "அன்னைக்கி ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் என்கூட நின்னது நீங்க ஒருத்தர்தான் சார்" என்பார். அந்தக் கையை வீட்டுக்கு வந்து எத்தனை தடவை கழுவுவேன் என்று என் மனைவிக்குத்தான் தெரியும். பாவம், அவள் அதை மைதானத்துப் புழுதி என்று நினைத்தாள்.

இவ்வளவுதான் என்றால் நான் எழுதாமலே இருந்திருப்பேன். இதுவரை சொன்னதையெல்லாம் நீ ஒருவேளை ஊகித்திருக்கலாம். ஊகிக்க முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா அதே வாக்கியத்தைச் சொல்வார்கள். "சேட்ட அவன். கம்பியில தொங்காதடான்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பாங்க. சொன்ன பேச்சக் கேட்டிருந்தா இருந்திருப்பான்." உன் அப்பாவும் தலையாட்டுவார். கம்பியில் தொங்கக் கூடாது என்பது போட்டி விதியில் இரண்டாவது வரி. விசாரணையிலும் அதை எழுதினார்கள், சிறுவனின் சேட்டையும் ஒரு காரணம் என்று. இருபத்திரண்டு வருடமாக அவன் உங்கள் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை.

இடைவேளையில் பையன்கள் தண்ணீர் குடிக்க ஓடினார்கள். உன் அண்ணன் மட்டும் என் மேசைக்கு வந்தான். கையுறை அவனுக்குப் பெரியது, மணிக்கட்டில் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தான். "மாமா, என் கோலு ஆடுது. கையால தள்ளினாலே முன்னாடி வருது" என்றான். தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போது நாலு பத்து. பாக்கி ஆட்டம் முடிந்தால்தான் பரிசு, பரிசு கொடுத்தால்தான் அவர் நாலரைக் கூட்டத்துக்குக் கிளம்ப முடியும். நான் கேலியாகப் பேசுகிறவன். அந்த வழக்கத்தில் சொன்னேன்.

"நீ இருக்கிற எடைக்கு அது ஆடுமாடா? வேணும்னா தொங்கிப் பாரு, அசையாது."

தலைவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "தொங்கலாமா மாமா?" என்று கேட்டான். விதி தெரிந்த பிள்ளை, அதனால் அனுமதி கேட்டான். "போ, போய்ப் பாரு" என்றேன். அவன் ஓடினான். நான் திரும்பித் தலைவருக்குப் பரிசு வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன் சேட்டைக்காரன் இல்லை. அவன் வாழ்நாளில் கடைசியாகச் செய்தது ஒரு பெரியவர் சொன்னதைச் செய்ததுதான். தலைவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் நான் கேட்காமலே மைதானத்தை நமக்கே கொடுக்க ஒப்புதல் கொடுத்தார். இப்போது அவரும் இல்லை. ஆக, இது தெரிந்த ஒரே ஆள் நான். உன் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உச்சுக்கொட்டியிருக்கிறேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான் என்று நினைக்கிறேன். முளை ஒரு நிமிடத்துப் புத்திகெட்ட வேலை, சார்ட் ஒரு காலை நேரத்துப் பயம். இதை மட்டும் இருபத்திரண்டு வருடம், சாவகாசமாக, உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன்.

இனி உன் கேள்வி. போன வாரம் நீ அனுப்பிய குரல்செய்தியை நாலைந்து தடவை கேட்டேன். "மாமா, சுண்ணாம்பு அண்ணனோட பொண்ணு வந்து பார்த்தாங்க. இப்ப நர்ஸா இருக்காங்க. அவருக்குக் கிட்னி போயிடுச்சாம், மழைக்காலம் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராம். இருபத்தஞ்சாவது வருஷ ஃபைனலுக்கு ஒரே ஒரு கோடு போட்டுட்டுப் போறேங்கிறாராம். அப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்க கூப்பிடலாம்னு சொன்னா கூப்பிடலாம்கிறார். அந்தக் காலத்துக் குழுவுல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். நீங்க சொல்லுங்க."

உன் குரலில் ஆசை இருந்தது. எனக்கும் இருந்தது. சுண்ணாம்பு பின்னோக்கி நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. அதனால்தான் உட்கார்ந்து இத்தனையும் எழுதினேன். எழுதி முடித்ததும் பல வருடத்துப் பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது. உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு இன்று தூங்குவேன்.

இந்தக் கடிதம் விழா முடிந்த மறுநாள் உன் கைக்கு வரும்படி தபாலில் சேர்க்கிறேன். அறுபத்து நாலு அணிப் பிள்ளைகள் ஒரு வருடமாகக் காத்திருக்கிற நாள், அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. உன் கேள்விக்கான பதிலை மட்டும் காலையிலேயே உன் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பெரியவரை இந்த வெயிலில் அலைக்கழிக்க வேண்டாம், அடுத்த வருடம் நிதானமாக, முறைப்படி மேடையில் நாற்காலி போட்டுக் கூப்பிடுவோம் என்றேன்.